கிட் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு அல்லது நான்கு ஹார்ட் டிஸ்க். பின்னால் ஒரு கரண்ட் ஒயர், ஒரு நெட்வொர்க் ஒயர். இதற்குப் பெயர் நாஸ். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். தமிழில் பிணையச் சேமிப்பகம் என்று சொல்லலாம். அவசரத்தில் 'நாசம்' என்று படித்துவிடுகிறவர்களும் உண்டு. சில நேரங்களில் அந்த வாசிப்பும் சரியாகத்தான் இருக்கிறது :-)

கல்லூரி ஆய்வகங்களிலும், ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் அலுவலகங்களிலும் இந்தப் பெட்டி மூலையில் மின்னிக்கொண்டிருக்கும். 2020க்குப் பிறகு சென்னை, பெங்களூரு கம்பெனி வேலையை உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் வந்துவிட்டதால் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. எழுதும் நிரல் எல்லாம் கிட் அல்லது சப்வர்ஷனில். அந்தக் கிட் களஞ்சியம் முழுக்க இந்தப் பெட்டியில். மாலையில் எல்லோரும் புஷ் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

"இதற்கு பேக்கப் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பதில் வரும். "ரெய்டு போட்டிருக்கிறோம், ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று இருக்கிறது" என்பது ஒன்று. "கிட்டே ஒரு பேக்கப்தானே, எல்லார் லேப்டாப்பிலும் முழு வரலாறும் இருக்கிறதே" என்பது இரண்டாவது. "அந்தப் பெட்டிதான் பேக்கப்" என்பது மூன்றாவது. மூன்றுமே தவறான பதில்கள். ஆனால் தவறின் அளவு ஒன்றுபோல் இல்லை. முதலாவதும் மூன்றாவதும் வெறும் அசட்டை. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அந்தப் பாதியில்தான்.

முதலில் ரெய்டு விஷயத்தை முடித்துவிடலாம். இரண்டு டிஸ்க்கில் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் எழுதுவது ரெய்டு. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒருவர் ஒரு ஃபோல்டரைத் தவறாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும். இடி இறங்கினால் இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ரெய்டு என்பது கடை நாள் முழுக்கத் திறந்திருக்கச் செய்யும் ஏற்பாடு. கடை எரிந்துபோனால் அது என்ன செய்யும்?

இப்போது கிட். அதற்கு முன்னால் கொஞ்சம் சப்வர்ஷன்.

சிவிஎஸ், சப்வர்ஷன் காலத்தில் வரலாறு முழுவதும் ஒரே சர்வரில் இருக்கும். வேலை பார்க்கிறவரின் கணினியில் கடைசிப் பதிப்பு மட்டும். சர்வர் போனால் கடைசி நிரல் யாரிடமாவது மிஞ்சும். யார் எப்போது ஏன் மாற்றினார்கள் என்பது போய்விடும். அதனால் அந்தக் காலத்து ஆட்கள் பேக்கப் விஷயத்தில் கொஞ்சம் பயபக்தியோடு இருந்தார்கள். சப்வர்ஷனின் ஆரம்ப காலக் களஞ்சியம் பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை நெட்வொர்க் டிரைவில் வைக்கவே கூடாது என்று சப்வர்ஷன் ஆவணங்களே எச்சரித்தன. காரணம், அந்தத் தரவுத்தளம் கோப்பைப் பூட்டுவதையும் நினைவகத்தைப் பகிர்வதையும் உள்ளூர் டிஸ்க்கை நம்பிச் செய்கிறது. நடுவில் நெட்வொர்க் வந்தால் பூட்டு போட்டதாக ஒருவர் நினைப்பார், பூட்டு இல்லை என்று இன்னொருவர் நினைப்பார். களஞ்சியம் கலைந்துபோகும். 2004ல் சப்வர்ஷன் 1.1ல் எஃப்எஸ்எஃப்எஸ் என்ற புது அமைப்பு வந்த பிறகுதான் நெட்வொர்க் சேமிப்பில் வைக்க முடிகிற நிலை ஏற்பட்டது. அப்போதும்கூட, ஓடிக்கொண்டிருக்கும் களஞ்சியத்தைச் சும்மா காப்பி-பேஸ்ட் செய்யக் கூடாது, ஹாட்காப்பி என்ற தனிக் கட்டளையைப் பயன்படுத்து என்பதுதான் விதி.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக கிட்டை எழுதினார். இதில் குளோன் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் முழு வரலாறும் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு நீண்ட எண் பெயராகிறது. முந்தைய கமிட்டின் எண்ணும் அந்தக் கணக்கில் சேர்வதால் பழைய வரலாற்றில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பெயர்களும் மாறிவிடும். திருட்டுத்தனமாகத் திருத்த முடியாது. அழகான ஏற்பாடு, சந்தேகமே இல்லை.

அந்த அழகில் மயங்கித்தான் "கிட்டே பேக்கப்" என்கிற வசனம் பிறந்தது.

குளோனில் என்னவெல்லாம் வருவதில்லை என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சர்வரில் எழுதி வைத்த ஹூக் வராது. சர்வர் அமைப்புகள் வராது. ஸ்டாஷில் ஒதுக்கி வைத்தது வராது. பெரிய கோப்புகளுக்காக எல்எஃப்எஸ் போட்டிருந்தால் பழைய பதிப்புகளின் பெரிய கோப்புகள் பெரும்பாலும் சர்வரிலேயே தங்கிவிடும். குளோனில் ஒரு சீட்டு மட்டும் வரும். முக்கியமாக, பிழைப் பட்டியல், விவாதம், 'இதை ஏன் இப்படி மாற்றினோம்' என்ற பேச்சு எதுவும் கிட்டுக்குள் இல்லை. அது கிட்டைச் சுற்றியுள்ள இணையதளத்தின் தரவுத்தளத்தில் இருக்கிறது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் படித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவில் களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், உப சர்வர் என்று நினைத்துக்கொண்டு பிரதான சர்வரின் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். கிட்டத்தட்ட 300 ஜிபி இருந்த இடத்தில் நிறுத்துவதற்குள் 4.5 ஜிபி மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். தினமும் எடுக்கப்படுவதாக நம்பிய பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. பேக்கப் வைக்கும் மேகக் கிடங்கு காலி. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக 6 மணி நேரம் முன்னால் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த 6 மணி நேரத்தில் பதிந்த பிழைக் குறிப்புகளும் கருத்துகளும் பயனர் கணக்குகளும் போயின. நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல், மீட்பு வேலையை நேரலையாகவே காட்டியது. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். மற்ற இடங்களில் நடப்பது நமக்குத் தெரிய வருவதில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பாடமானது 2013 மார்ச்சில் கேடிஇ திட்டத்தில் நடந்தது. கேடிஇ என்பது லினக்ஸில் இயங்கும் பிரபலமான திறமூல மேசைச் சூழல். ஏறத்தாழ 1,500 கிட் களஞ்சியங்கள் ஒரு பிரதான சர்வரில் இருந்தன. உலகின் பல இடங்களில் அதன் பிம்ப சர்வர்கள், அதாவது மிரர்கள். பார்த்தால் பலமான ஏற்பாடு. பிரதான சர்வரைப் பாதுகாப்பு மேம்படுத்தலுக்காக நிறுத்தித் திரும்பத் தொடங்கியபோது கோப்பு முறைமை கெட்டிருப்பது தெரிந்தது. பரவாயில்லை, மிரர்கள் இருக்கின்றனவே? மிரர்கள் தம் கடமையைத் தவறாமல் செய்திருந்தன. பிரதான சர்வரில் கெட்டதை அப்படியே பிரதி எடுத்தன. களஞ்சியப் பட்டியல் கெட்டிருந்ததால், பட்டியலில் இல்லாதவை நீக்கப்பட்டவை என்று எண்ணி நல்ல நகல்களையும் அழித்தன. புதிதாக அமைத்த ஒரே ஒரு சர்வரில் அதிர்ஷ்டவசமாகத் தப்பிய நகலை வைத்துத்தான் மீண்டார்கள்.

மிரர் என்றால் கண்ணாடி. முகத்தில் கரி பட்டால் கண்ணாடியிலும் கரி தெரியும். நேற்றைய முகத்தைக் கண்ணாடி காட்டாது. நேற்றைய முகம் வேண்டுமென்றால் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். நாஸ் பெட்டி விற்கிறவர்கள் 'சிங்க்' என்ற சொல்லையும் 'பேக்கப்' என்ற சொல்லையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் இந்தத் துறையின் பெரிய மோசடி என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் கேட்டால் ஏதோ அமெரிக்க, ஐரோப்பியக் கணினிக் கதை போல இருக்கும். உண்மையில் இந்த விவகாரத்தை உடையார்பாளையம் வட்டாரத்தில் நின்றுகொண்டே புரிந்துகொள்ளலாம்.

உடையார்பாளையம் வட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் சுமார் 1025ல் தலைநகரமாக்கிய ஊர். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சோழர்களின் தலைநகரம். இன்றைக்கு அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளம் மட்டும் தெரிகிறது. கோயில் நிற்கிறது. அதுவும் முழுதாக அல்ல. 1836ல் கொள்ளிடத்தில் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கல் வேண்டும் என்று இந்தக் கோயிலின் மதிற்சுவரையும் மற்றக் கட்டடங்களையும் இடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாக அதிகாரிகள் வாக்குக் கொடுத்ததையும், அதை நிறைவேற்றவில்லை என்பதையும் 1855ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. ('பழைய சர்வரை எடுத்துக்கொள்கிறோம், அடுத்த வாரம் புதுசு தருகிறோம்' என்று சொல்லிவிட்டுப் போனவர்களை அறிந்தவர்களுக்கு இந்த வாக்குறுதியின் குணம் புரியும்.) போன கற்களோடு எத்தனை கல்வெட்டு போனது என்று இனி யாராலும் எண்ண முடியாது.

ஆனாலும் ராஜேந்திரனைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். கடாரம் வென்றது, கங்கைக்குப் படை அனுப்பியது, எந்தெந்த ஊரைப் பிடித்தது என்றெல்லாம் பட்டியலே இருக்கிறது. எப்படி? அவன் கட்டிய இந்தக் கோயிலில் இன்று கிடைக்கும் கல்வெட்டுகளில் பழையது அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. ராஜேந்திரனின் சொந்த மெய்க்கீர்த்தி மற்ற ஊர்களில் கிடைத்தது. மெய்க்கீர்த்தி என்பது அரசனின் சாதனைகளைச் சொல்லும் முன்னுரை. அரசாணையோ தானமோ எங்கே கல்லில் வெட்டினாலும் முதலில் இதை வெட்டுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. வடக்கே போளூருக்கு அருகில் திருமலையில் இருக்கிறது. இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. தலைநகரத்துக் கல் அணைக்குப் போனாலும் தஞ்சைக் கல் அங்கேயே இருந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம். மெய்க்கீர்த்தி வருஷாவருஷம் வளரும். ஆட்சியின் தொடக்கத்தில் சின்னது. ஒவ்வொரு போருக்குப் பிறகும் புது வரிகள் சேரும். பழைய ஊரில் பழைய பதிப்பு அப்படியே கல்லில் நிற்கும். புது ஊரில் புதுப் பதிப்பு. எந்த ஆட்சியாண்டுக் கல்வெட்டில் ஒரு வெற்றி முதன்முதலாகத் தென்படுகிறது என்று பார்த்துத்தான் வரலாற்றாசிரியர்கள் போர்களின் காலத்தையே கணிக்கிறார்கள். பதிப்புகளை ஒப்பிட்டு என்ன சேர்ந்தது என்று பார்ப்பதற்குக் கிட்டில் 'டிஃப்' என்று பெயர். ராஜேந்திரனின் அதிகாரிகள் ஒரு காரியத்தைச் செய்யவில்லை: தலைநகரத்தில் வரி சேர்த்ததும் எல்லா ஊரிலும் பழைய கல்லை அழித்துவிட்டுப் புதிதாக வெட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது மிரர். சொல்லாததால் அது பேக்கப்.

கல்லுக்கு இந்த வசதி. ஓலைக்கு அப்படி இல்லை. ஓலை சில நூறு ஆண்டுகள்தான் தாங்கும். பூச்சி அரிக்கும், ஓரம் முறியும். அதற்குள் யாராவது படி எடுக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் இந்த வட்டாரத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவர். அவருடைய தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாக இருந்த உறவினர் கனம் கிருஷ்ணையரிடம் அங்கே சங்கீதம் கற்றார். சாமிநாதையரே சிறு வயதில் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். கனம் கிருஷ்ணையரின் பதங்கள் ஜமீன் அரண்மனையில் பாடப்பட்டவை. சிஷ்யர்களின் தொண்டை வழியாக ஊர் ஊராகப் போனதால் தப்பின. பிற்காலத்தில் சாமிநாதையரே அவரைப் பற்றிப் புத்தகமும் எழுதிப் பதிப்பித்தார்.

சாமிநாதையரின் பதிப்பு வேலையை மென்பொருள்காரர்கள் ஒரு முறை படிக்க வேண்டும். சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. ஒவ்வொன்றுக்கும் பல ஊர்களிலிருந்து ஏட்டுப் பிரதிகளைத் தேடி எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பாடபேதமாகக் குறித்தார். ஒரு பிரதியில் விட்டுப்போனது இன்னொன்றில் கிடைக்கும். ஒன்றில் எழுதியவர் செய்த பிழை மற்றொன்றில் இருக்காது. பிரதிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களில், தொடர்பில்லாத கைகளால் எழுதப்பட்டிருந்ததால்தான் இது முடிந்தது. எல்லாம் ஒரே மடத்து ஏட்டைப் பார்த்து ஒரே வாரத்தில் எழுதியவையாக இருந்திருந்தால் ஒரே பிழைதான் எல்லாவற்றிலும் இருந்திருக்கும்.

பிரதி குறைவாக இருந்தவற்றுக்கு என்ன ஆனது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பரிபாடலில் 70 பாட்டு இருந்ததாகச் சொல்கிறார்கள், முழுதாகக் கிடைத்தவை 22. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை, நூற்றில் எண்பது. வளையாபதி ஏட்டைத் திருவாவடுதுறை மடத்தில் முன்பு பார்த்ததாகச் சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பிறகு தேடியபோது கிடைக்கவில்லை. அன்றைக்கு அதற்கு ஒரு படி எடுக்கத் தோன்றியிருந்தால்? கரிவலம்வந்தநல்லூரில் நடந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். ஏடுகளைத் தேடிப் போனால், பழுதான பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். சாஸ்திரம் அப்படிச் சொல்கிறது என்று காரணம் வேறு. எரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. விதிப்படி நடந்தார்கள். 'முப்பது நாளுக்கு மேற்பட்டதை அழி' என்று ஓடும் ஸ்கிரிப்டும் விதிப்படிதான் நடக்கிறது.

அப்படி ஓர் ஸ்கிரிப்ட் 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஓடியது. சூப்பர் கம்ப்யூட்டரின் பெரிய சேமிப்பகத்தில் பழைய லாக் கோப்புகளை நீக்க வேண்டிய பேக்கப் நிரல் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் புதிய பதிப்பால் மாற்றினார்கள். ஒரு மாறிக்கு மதிப்பில்லாமல் போய், லாக் கோப்புகளுக்குப் பதிலாக ஆய்வுத் தரவுகளை அழிக்க ஆரம்பித்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. பேக்கப் நிரலே வேலியாக இருந்து பயிரை மேய்ந்த கதை.

தீ விபத்தும் பழைய காலத்துச் சமாசாரம் இல்லை. 1981ல் மே 31 இரவில் தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000க்கும் மேற்பட்ட நூல்கள் போயின; அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் உண்டு. அது வன்முறை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் நடந்தது விபத்து. லித்தியம் பேட்டரியில் பிடித்த தீ. அங்கே அரசு ஊழியர்கள் கோப்புகளை வைக்கும் ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தில் 858 டெராபைட் இருந்தது. வெளியே நகல் இல்லை. அளவு மிகப் பெரிது, அதனால் பேக்கப் எடுக்கவில்லை என்றார்கள். உலகத்திலேயே வேகமான இணையம் உள்ள நாடுகளில் ஒன்று! கோப்புகளைச் சொந்தக் கணினியில் வைக்காதே, அந்த டிரைவிலேயே வை என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தியும் இருந்தார்கள். சொன்னதைக் கேட்டு ஒழுங்காக வேலை பார்த்தவர்கள்தான் எல்லாவற்றையும் இழந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வீட்டுப் பெட்டிகளின் கதை சின்னது. 2021 ஜூனில் 'மை புக் லைவ்' என்ற இணைய டிஸ்க்கை வைத்திருந்த பலர் காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டி வாங்கிய அன்று போலக் காலியாக இருந்தது. இணையம் வழியே யாரோ ரீசெட் செய்துவிட்டார்கள். கம்பெனி அந்த மாடலுக்குப் புதுப்பிப்பு தருவதை 2015லேயே நிறுத்தியிருந்தது. நாஸை இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறவர்கள் இதைச் சத்தம் போட்டுப் படிக்கவும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். நாஸ் வேண்டாம் என்பதல்ல வாதம். நாஸ் நல்ல பொருள். உடையார்பாளையத்தில் மழைக்காலத்தில் இணையம் படுத்துவிட்டாலும் பக்கத்து அறைக்கு நிரல் அனுப்ப முடியும். அதற்கே காசு கொடுக்கலாம். அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சண்டை.

ஒன்று, பலர் வேலை பார்க்கும் களஞ்சியத்தை நெட்வொர்க் ஃபோல்டராகப் பகிர்ந்து, எல்லோரையும் நேரடியாக அதற்குள் எழுத விடக் கூடாது. உரிமைச் சிக்கல், பூட்டுச் சிக்கல் எல்லாம் வரும். பெட்டியிலேயே கிட் சர்வரை ஓட விட்டு எஸ்எஸ்எச் வழியாகப் புஷ் செய்தால் எழுதுவது ஒரே இயந்திரம். அதைவிட மோசம், கிட் ஃபோல்டரை டிராப்பாக்ஸ் மாதிரி சிங்க் ஃபோல்டருக்குள் வைப்பது. இரண்டு கணினியில் ஒரே கிளையை மாற்றினால் அது கிளைக் குறிப்புக் கோப்புக்கே 'முரண்பட்ட நகல்' என்று ஒன்றை உண்டாக்கி உள்ளே போடும். கிட்டுக்கு அது என்னவென்றே தெரியாது.

இன்னொன்று, ஓடும் களஞ்சியத்தைச் சும்மா காப்பி செய்வது. பொருள் கோப்புகள் முதலில் காப்பியாகி, கிளைக் குறிப்புகள் பின்னால் காப்பியாகும் இடைவெளியில் யாராவது புஷ் செய்தால், நகலில் குறிப்பு இருக்கும், அது காட்டும் பொருள் இருக்காது. பத்தாயத்துச் சாவி இருக்கிறது, பத்தாயம் இல்லை என்கிற கதை. இதற்கு கிட்டிலேயே 'பண்டில்' என்ற கட்டளை உண்டு. எல்லாக் கிளைகளையும் முழு வரலாற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அந்தக் கோப்பிலிருந்தே நேரடியாகக் குளோன் எடுக்கலாம். தேதி போட்டுப் பெயர் வைத்தால் போன வாரத்துப் பதிப்பை இந்த வாரம் அழிக்காது. ராஜேந்திரன் கல்லைப் போல ஒவ்வொன்றும் அதனதன் காலத்தில் நிற்கும். கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை 'எஃப்எஸ்சிகே' ஓட்டிப் பார்த்தால் ஏற்கெனவே கெட்டுப்போனதை ஆசையாகக் கட்டி வைக்கிற அபத்தம் நேராது. ஹூக், அமைப்புகள், பிழைப் பட்டியல் ஆகியவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டியதுதான். குறுக்கு வழி இல்லை.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் 2000களின் நடுவில் பிரபலமாக்கிய 3-2-1 விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இந்தக் கடைசி 'ஒன்று' தான் எப்போதும் விடுபடுகிறது. மேகச் சேவையில் வாடகைக்கு இடம் எடுக்க மாதாமாதம் காசு கட்ட வேண்டும், கார்டு காலாவதியானால் அதோடு போச்சு என்பார்கள். நியாயமான பயம். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம், வாடிக்கையாளர்களின் சப்வர்ஷன், கிட் களஞ்சியங்களைக் காத்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தது. அதன் மேகக் கணக்குக்குள் ஒருவன் புகுந்து மூலத்தோடு சேர்த்துப் பெரும்பாலான பேக்கப்பையும் அழித்தான். இரண்டும் ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தன. சில நாட்களில் கடையை மூடினார்கள். ஆகவே வேறு இடம் என்றால் வேறு ஊர் மட்டும் இல்லை, வேறு சாவியும்.

மாணவர்களுக்கும் சின்னக் குழுக்களுக்கும் இதற்கு ஒன்றும் பெரிய செலவு இல்லை. ஒரு இறுதியாண்டு புராஜெக்டின் பண்டில் கோப்பு பெரும்பாலும் ஒரு சினிமாவைவிடச் சின்னது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். வாரம் ஒரு முறை செருகி, எழுதி, கழற்றி வைக்க வேண்டும். கழற்றுவது முக்கியம். செருகியே கிடக்கும் டிஸ்க் நாஸின் இன்னொரு கை. நாஸுக்கு வந்தது அதற்கும் வரும். ஒன்று உடையார்பாளையத்து வீட்டு பீரோவில், இன்னொன்று சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அண்ணனிடம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது டிஸ்க் கை மாறும். வருஷத்துக்கு நாலைந்து முறை எப்படியும் யாராவது திருச்சிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். ஏட்டுச்சுவடி போன வழியும் இதுதான்.

டிஸ்க்கை எடுத்துப் போன அண்ணனிடம் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். அங்கே அவருடைய கணினியில், இங்கிருந்து யாரும் வழி சொல்லாமல், அந்தப் பண்டிலைக் குளோன் செய்து நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் ஒரு வரி போனில் செய்தி. கிட்லேப்காரர்களுக்கு 2017 ஜனவரி 31க்கு முன்னால் அப்படி ஒரு செய்தி யாரும் அனுப்பவில்லை. அனுப்பாததை யாரும் கவனிக்கவும் இல்லை.